ஒரு முடிச்சின் மீது இரு சுமை

கட்டடத்தைக் கட்டுபவர் ஒருவராகவும், அவ்வேலையைச் சோதிப்பவர் வேறொருவராகவும் இருக்கவேண்டும் என்பர். ஏன்? இதற்கு விடையாக ஒரு விபத்தையும், நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையையும் நோக்குவோம்.

அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1980இல் ஹயாட் ரீஜன்சி என்ற ஓட்டல் திறக்கப்பட்டது. அதன் முகப்புக் கூடத்தில், இரண்டாம் தள உயரத்திலும் நான்காம் தள உயரத்திலும் இரு நடைபாலங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, எஃகுத் தண்டுகளில் கூரையிலிருந்து தொங்கின. 1981 ஜூலை 17 அன்று மாலை கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது, இரண்டும் பெயர்ந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர்.

கயிறும் இரு பலகைகளும்

நடுவில் துளையிட்ட இரு சிறு பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றின் நடுவிலும் அடியிலும் முடிச்சிட்டு, ஒவ்வொரு முடிச்சின் மீதும் ஒரு பலகை தங்குமாறு கயிற்றைக் கொக்கியில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பலகையிலும் 2 கிலோ எடை வைத்தால், ஒவ்வொரு முடிச்சும் 2 கிலோவைத் தாங்கும். (பலகையின் எடையை விட்டுவிடுவோம்.)

இனி, மேல் முடிச்சுக்குக் கீழே கயிற்றை வெட்டி, கீழ்ப்பலகையின் கயிற்றை மேற்பலகையிலேயே கட்டுங்கள். கொக்கி தாங்குவது முன்போலவே 4 கிலோதான். ஆனால் மேல் முடிச்சின் மீது இப்போது 4 கிலோ! மொத்தச் சுமை மாறவில்லை. ஓரிடத்தில் மட்டும் அது இரட்டித்துவிட்டது.

ஓட்டலில் நிகழ்ந்ததும் இதுவே. அங்கு முடிச்சுக்குப் பதில் நட்டு. முதல் திட்டப்படி, ஒவ்வொரு தண்டும் இரு பாலங்களையும் கடந்து செல்லவேண்டும். நீண்ட தண்டின் இடையில் நட்டுப் பொருத்த, வெகுதூரம் மரை வெட்டவேண்டும். வேலையை எளிதாக்க, எஃகு வேலை செய்த நிறுவனம் ஒரு தண்டை இரண்டாக்கியது. கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்கியது. இறுதியில் மேல்பாலத்து உத்தரம் நெளிந்து, நட்டு அதன் துளை வழியே பிய்த்துக்கொண்டு வந்தது.

யார் கணக்கிட்டார்?

அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையம் 1982இல் தன் முடிவை வெளியிட்டது. நகரின் கட்டட விதி கோரிய வலிமையில் முதல் திட்டத்திற்கே 60 சதவிகிதம்தான் இருந்தது. மாற்றத்திற்குப் பின் ஏறத்தாழ 30 சதவிகிதம்! எஃகு நிறுவனத்தார், பொறியாளர் கணக்கிட்டிருப்பார் என நம்பினர். பொறியாளரோ, அது எஃகு நிறுவனத்தாரின் பொறுப்பு எனக் கருதி ஒப்புதல் முத்திரையிட்டார். கட்டுமானத்தின்போது வேலையிடத்திலேயே ஒரு சோதனையாளரை அமர்த்துமாறு மும்முறை கேட்டதாகவும், செலவைக் காரணம் காட்டி உரிமையாளர் மறுத்ததாகவும் பொறியாளர்கள் பின்னர்க் கூறினர்.

செலவைக் குறைப்பதிலோ வேலையை விரைந்து முடிப்பதிலோ பங்கில்லாதவரே தனிச் சோதனையாளர். வரைபடத்தில் உள்ளதும் கட்டப்பட்டதும் ஒன்றா? மாறிய இணைப்பைக் கணக்கிட்டவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை எழுத்தில் கிடைக்கும்வரை அவர் ஒப்புதல் தரலாகாது. கேட்பதற்கும் காலம் உண்டு. கான்கிரீட் ஊற்றியபின் கம்பியைக் காண முடியாது. பலகையடித்து மூடியபின் நட்டைக் காண முடியாது. மூடுமுன் பார்ப்பதே சோதனை.