பிடித்த கை தரும் தெம்பு

ஒருவர் கையைப் பிடித்தால் பயம் குறையுமா? 2006இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் கோன் இதைச் சோதித்தார். மணமான 16 பெண்களுக்கு மின்னதிர்ச்சி தரப்படலாமென எச்சரித்து, அவர்களது மூளையை ஸ்கேன் செய்தார். தனித்திருந்தபோது ஆபத்தை உணரும் பகுதிகள் அதிகம் இயங்கின. கணவரின் கையைப் பிடித்தபோது நன்கு அடங்கின. அறிமுகமற்றவர் கையும் ஓரளவு உதவியது.

கணவரை இழந்த சகோதரிகள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

1983 யூலை வன்செயல் பதுளையையும் தாக்கியது. அக்காலத்தில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பல அங்கே போரிலும் சிக்கின. போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்கிறார் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். அதனைக் 'கூட்டு மனவடு' என்கிறார். ஊராகப் பட்ட காயம் ஆறுவதற்கும் ஊர் வேண்டும்.

ஆகவே, ஸ்பிரிங்வெளி லயத்தில் இழப்போடு வாழும் பெண்ணைத் தனியே விடாதீர்கள். பீலிக்கரைக்குச் சேர்ந்து போங்கள், பக்கத்தில் அமருங்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள், அது காயத்தைக் கிளறலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். நித்திரையின்மையும் அச்சமும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துடனும் பேசலாம்.