திரையில் ஓடும் எண் எங்கிருந்து வருகிறது?

எங்கள் வைட்ஃபீல்ட் கிளையைச் சுற்றிலும் மென்பொருள் நிறுவனங்கள். வரிசையில் நிற்போரில் பலர் கைப்பேசியில் சந்தை நிலவரத்தைப் பார்த்தபடியே நிற்பது இங்கு அன்றாடக் காட்சி. அண்மையில், மகனுடன் இப்பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 4 இலட்ச ரூபாயை ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்ப வேண்டுமென்று படிவத்தை நீட்டினார். காரணம் கேட்டபோது பங்கு வணிகச் செயலி ஒன்றைத் திறந்து காட்டினார். மேலே நிஃப்டி நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தது. கீழே அவர் ஈட்டியதாகச் சொல்லப்படும் இலாபம். "டி.வி.யில் ஓடும் எண்ணும் இதுவும் ஒன்றாகவே இருக்கிறது சார். போலி என்றால் எப்படிப் பொருந்தும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். விடை சற்று நீளமானது.

நிஃப்டி 50 என்பது தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டெண். 1995 நவம்பர் 3ஆம் நாள் மதிப்பை 1000 எனக் கொண்டு, 1996 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 30 நிறுவனங்களைக் கொண்டது. அதற்கு 1978-79ஆம் ஆண்டே அடிப்படை, அன்றைய மதிப்பு 100. இரண்டிலும், நிறுவனத்தை நடத்துவோர் கையில் இருக்கும் பங்குகளை ஒதுக்கிவிட்டு, சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பையே கணக்கில் கொள்கின்றனர். காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை பங்கு விலைகள் மாறமாற, குறியீட்டெண்ணும் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த எண்ணைச் சந்தை நிறுவனம் கட்டணம் பெற்றுத் தரகர்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் வழங்குகிறது. அவர்களிடமிருந்து தொலைக்காட்சிக்கும் இணையதளங்களுக்கும் செயலிகளுக்கும் அது பரவுகிறது. பொதுமக்களுக்கு இலவசமாகவே கிட்டும். கூகுள் ஷீட்ஸ் கணக்குத்தாளில் 'கூகுள்ஃபைனான்ஸ்' என்னும் வாய்பாட்டை ஒரு கட்டத்தில் எழுதினால் போதும். நிஃப்டி அங்கே வந்து அமர்ந்துகொள்ளும். பைத்தான் அறிந்த கல்லூரி மாணவர் நான்கைந்து வரிகளில் இதனைச் செய்துவிடுவார். எங்கள் கிளையின் இளம் அலுவலர் ஒருவர் ஆசிரியரின் கண்முன்னே ஒரு கணக்குத்தாளைத் திறந்து அவ்வாறே செய்து காட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு செயலியில் நிஃப்டி சரியாக ஓடுவது, பொய்யான கடிகாரக் கடையின் சுவரில் சரியான மணி காட்டும் கடிகாரம் தொங்குவது போன்றதே. கடைக்காரரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

மெய்யான செயலிகளிலும் இந்த எண்ணைப் படிக்கச் சில நுணுக்கங்கள் உண்டு. இலவசத் தரவு 20 நிமிடம் வரை தாமதமாகலாம் என்று கூகுளே அறிவித்துள்ளது. 3.30க்குத் திரையில் நின்ற எண், சற்று நேரம் கழித்துப் பார்த்தால் வேறாக இருக்கும். கடைசி அரைமணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரியையே பங்கின் இறுதி விலையாகக் கொள்வது நீண்டகால நடைமுறை என்பதே இதற்குக் காரணம். விடியற்காலையில் சில செயலிகள் காட்டுவது 'கிஃப்ட் நிஃப்டி'. முன்பு சிங்கப்பூரில் நடந்த இவ்வணிகம் 2023 ஜூலையில் குஜராத்தின் கிஃப்ட் நகருக்கு மாறியது. அது முன்பேர ஒப்பந்தத்தின் விலையேயன்றி, நிஃப்டி அன்று.

பரஸ்பர நிதியில் முதலிடுவோர் இவ்வெண்ணை நொடிதோறும் பார்ப்பதால் பயன் ஏதுமில்லை என்பது எங்கள் கருத்து. பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் சேர்ந்துவிட்டால், பங்குசார் திட்டங்களில் அன்றைய இறுதி மதிப்பே கிடைக்கும். காலை 11 மணிக்குச் சந்தை சரிந்திருந்ததைப் பார்த்து அவசரமாக வாங்கியவருக்கும் அதே மதிப்புதான்.

மெய்யான எண்ணே தடைப்பட்ட நாளும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் தேசியப் பங்குச் சந்தையில் குறியீட்டெண் புதுப்பிக்கப்படாமல் நின்றது; 11.40க்கு வணிகமே நிறுத்தப்பட்டது. மாலை 3.45க்கு மீண்டும் தொடங்கி 5 மணி வரை நீடித்தது.

ஆசிரியரின் செயலிக்கு வருவோம். நாங்கள் பார்த்தது நிஃப்டியை அன்று. பணம் எங்கே போகிறது என்பதையே. பதிவுபெற்ற தரகர் எவரும் தனிநபரின் சேமிப்புக் கணக்கில் பணம் கேட்பதில்லை. 2025 அக்டோபர் 1 முதல், தரகர்களும் பரஸ்பர நிதி நிறுவனங்களும் பணம் பெறும் யு.பி.ஐ. முகவரியில் 'வேலிட்' என்னும் சொல்லும் அதையடுத்து வங்கியின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று செபி விதித்துள்ளது. 'செபி செக்' என்னும் வசதியில் அம்முகவரியையோ வங்கிக் கணக்கு எண்ணையோ இட்டுச் சரிபார்க்கலாம். ஆசிரியர் கொண்டுவந்த கணக்கு எண்ணை இட்டோம். பதிவுபெற்ற எவருடையதாகவும் அது காட்டவில்லை. அவர் "வாங்கிய" பங்குகளைப் பற்றி டெபாசிட்டரியிலிருந்து அவருக்கு ஒரு குறுஞ்செய்தியும் வந்ததில்லை. டீமேட் கணக்கே திறக்கப்படவில்லை.

4 இலட்சம் அவருடைய வைப்புநிதியிலேயே இருக்கிறது. ஆனால் முந்தைய வாரமே 20,000 ரூபாய் அனுப்பியிருந்தார். எங்கள் மேசையிலிருந்தே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்தோம். அத்தொகை மீளுமா என்பதை விசாரணையே சொல்லும்.