தீக்கோளத்தில் சிக்கியது யார்? கால்க் காட்டும்!

கால்க் என்றால் வரவு செலவுக் கணக்கு போட மட்டும்தான் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நினைக்கிறார்கள். மேஜை விளையாட்டுக்கும் அது உதவும்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து பகடை உருட்டுவார்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதில் 'ஃபயர்பால்' மந்திரம் 20 அடி ஆரத்துக்குத் தீயைப் பரப்பும். குறுக்களவு 40 அடி, அதாவது 30-க்கு 40 மனையின் நீளம்! உள்ளே இருப்பவர் எதிரியா, நம் கூட்டாளியா என்று அது பார்க்காது. மூலக்குளத்தில் நாங்கள் விளையாடும்போது அதிக வாக்குவாதம் இங்கேதான் வரும். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் சாவதா பிழைப்பதா என்பது ஒரு கட்டத்தில் இருக்கிறதே!

கால்க்கைத் திறந்து கண்ட்ரோல்+ஏ அழுத்துங்கள். ஃபார்மட் மெனுவில் காலம்ஸ் அகலம், ரோஸ் உயரம் இரண்டையும் 0.6 செ.மீ. ஆக்குங்கள். ஒரு கட்டம் 5 அடி. பாத்திரங்களின் முதலெழுத்தை அவரவர் கட்டத்தில் டைப் செய்யுங்கள்.

மையம் நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலையில் இருக்க வேண்டும். பாதியாவது வட்டத்துக்குள் வரும் கட்டம் எரியும். இந்தக் கணக்குப்படி மேலிருந்து கீழாக 4, 6, 8, 8, 8, 8, 6, 4 கட்டங்கள், ஒவ்வொரு வரிசையும் நடுவில் அமையும்படி. மொத்தம் 52. ஓர் ஓரத்தில் இவற்றுக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்து வையுங்கள்.

மந்திரவாதி மையத்தைச் சொன்னதும் சிவப்புக் கட்டங்களைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் ஃபார்மட்ஸ் மட்டும் டிக் செய்து ஒட்டுங்கள். எழுத்துகள் அழியாது. சிவப்பில் நிற்பவர்கள் சிக்கியவர்கள். கண்ட்ரோல்+இசட் அழுத்தினால் வண்ணம் போய்விடும். வட்டத்தைப் பார்த்தபின் மையத்தை மாற்றலாமா என்பதை மட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

சேதத்துக்கு ஆறு முகப் பகடை எட்டு. எட்டு செல்களில் 1 முதல் 6 வரை ராண்ட்பிட்வீன் ஃபங்ஷன் கொடுத்து, கூட்டலுக்கு சம் கொடுங்கள். சராசரி 28 வரும். எல்லோருக்கும் ஒரே கூட்டுத்தொகைதான். தப்பிக்கும் உருட்டலில் வென்றவருக்குப் பாதி.

ஒரு எச்சரிக்கை: வேறு செல்லில் எதை டைப் செய்தாலும் ராண்ட்பிட்வீன் எண்கள் மாறிவிடும். கூட்டுத்தொகையை உடனே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த வாக்குவாதம் அங்கே ஆரம்பித்துவிடும்!