தரகும் சேமிப்பும்

முகத்துவாரத்து மீன்பிடித் துறையிலே தரகு என்பது புதுச் சொல்லன்று. பங்குச் சந்தையிலும் தரகரின்றி வாங்கவோ விற்கவோ இயலாது.

கொழும்பிலே பங்கு வணிகம் 1896ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. இன்றைய பங்குச் சந்தை 1985இல் அமைந்தது. கைத்தொலைபேசி வாயிலாகவே கணக்குத் திறக்கும் வசதி 2020இல் வந்தபின், எந்தத் தரகரிடம் செலவு குறைவு என்று வினவுவோர் பலர். அமெரிக்காவிலே நிலையான தரகுக் கட்டணம் 1975இல் ஒழிக்கப்பட்டமையால் அங்கே இவ்வினாவுக்குப் பொருளுண்டு. கொழும்பிலோ, பத்துக் கோடி ரூபாவுக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு எல்லாத் தரகரிடமும் ஒரே வீதமே.

இலட்சம் ரூபாவுக்குப் பங்கு வாங்கினால் செலவு 1,120 ரூபா. அதிலே தரகருக்கு 640. அரச வரி 300. எஞ்சிய 180 ரூபா சந்தைக்கும், பங்குகளை வைப்பிலே காக்கும் நிலையத்துக்கும், பிணையங்கள் ஆணைக்குழுவுக்கும் உரியது. பின்னொரு நாள் விற்கும்போதும் இதே வீதந்தான். ஆகவே வாங்கிய விலைக்கே விற்பவர் 2,240 ரூபாவை இழக்கின்றார். ஆண்டிலே பத்து முறை இவ்வாறு வாங்கி விற்பின், முதலில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கட்டணமாகவே கழிந்துவிடும்.

எனவே, தரகரிடம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியது கட்டணத்தையன்று. ஆணைக்குழுவின் உரிமம் உண்டா, கணக்கறிக்கை ஒழுங்காக வருகின்றதா, ஆலோசனை நேர்மையானதா என்பவற்றையே பார்த்தல் வேண்டும். அடிக்கடி வாங்கி விற்கத் தூண்டுபவர் எவருடைய வருவாயைப் பெருக்குகின்றார் என்பதையும் நேயர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று.