பயாஸ் அப்டேட் செய்யணுமா? முதலில் இதைப் படிங்க!

மொபைலில் ஒரு ஆப் அப்டேட் பாதியில் நின்றால் மறுபடி தட்டினால் போதும். கம்ப்யூட்டரில் பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால் கதையே வேறு. பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் திரையில் ஒன்றுமே வராமல் போகலாம். அதனால்தான் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால், போகாமல் இருப்பதும் சில நேரம் நஷ்டம்தான்.

பயாஸ் என்ன செய்கிறது?

மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் மென்பொருள் இது. கணினியை ஆன் செய்ததும் முதலில் இயங்குவது இதுதான். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றைத் தயார் செய்த பிறகே விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அப்டேட்டின்போது இந்தச் சிப்பில் பழையது அழிந்து புதியது எழுதப்படும். அந்தச் சில நிமிடங்களில் கரன்ட் போனால்தான் சிக்கல்.

பிறகு எதற்கு இந்த ரிஸ்க்?

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, அளவுக்கு மீறிய வோல்டேஜால் பாதிக்கப்பட்டன. கேம் நடுவே கிராஷ் ஆனது. கணினி திடீரென நின்றது. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டெல் தந்த திருத்தங்கள், பயாஸ் அப்டேட் வழியாகவே வந்தன. ஏற்கெனவே சேதமான பிராசஸரை அவற்றால் மீட்க முடியாது. தள்ளிப்போட்டவர்களுக்கு இழப்பு அங்கேதான்.

பாதுகாப்புக் குறை, நிஜமான பழுது, புதிய பிராசஸர் பொருத்துவது... இந்தக் காரணங்களில் ஒன்று இருந்தால் செய்யுங்கள். 'புதுசு வந்திருக்கே' என்பதற்காக மட்டும் வேண்டாம்.

செய்வதற்கு முன்...

* 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து மாடல் பெயரையும் இப்போதைய பயாஸ் வெர்ஷனையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மதர்போர்டுக்கு வைஃபை உள்ளது, இல்லாதது என இரு மாடல்கள் இருக்கலாம். கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும்.
* தயாரிப்பு நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் மட்டுமே டவுன்லோடு செய்யுங்கள்.
* பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் தற்காலிகமாக 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். அதன் 48 இலக்க ரெகவரி கீயை மொபைலிலோ பேப்பரிலோ எழுதி வையுங்கள். அப்டேட்டுக்குப் பின் கணினி அதைக் கேட்டு, உங்களிடம் இல்லையென்றால் ஃபைல்களைத் திறக்கவே முடியாது.
* முக்கிய ஃபைல்களை பேக்கப் எடுங்கள். பயாஸ் செட்டிங்ஸையும் போனில் போட்டோ எடுங்கள். பழைய நிலைக்கு மாறிவிடலாம்.
* டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் அவசியம். லேப்டாப்பில் நல்ல சார்ஜ் இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.
* அலுவலக லேப்டாப் என்றால் ஐடி டீமிடம் விட்டுவிடுங்கள்.

அப்டேட் நடக்கும்போது...

டெஸ்க்டாப்பில், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி மூலம் செய்வது நல்லது. லேப்டாப்பில் நிறுவனம் தரும் அப்டேட் டூல் போதும். நடுவில் திரை கறுக்கலாம், ஃபேன் வேகமெடுக்கலாம், தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். பதறி பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

அதையும் மீறிச் சொதப்பினால்? பல புதிய மதர்போர்டுகளின் பின்புறம் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பட்டன் உண்டு. கணினி பூட் ஆகாவிட்டாலும் பென்டிரைவிலிருந்து மீண்டும் எழுதலாம். இது உங்கள் போர்டில் இருக்கிறதா என்பதை, அப்டேட்டைத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.