பழைய ஃபோர்டு கார்களுக்குப் பாதுகாப்பான பின்விளக்கு

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாகச் செய்து விற்ற மாடல் டி கார்களிலும், அவற்றை அடுத்து 1927 டிசம்பரில் அறிமுகமாகி 1931 வரை வெளிவந்த மாடல் ஏ கார்களிலும் கணிசமானவை இன்றும் ஓடும் நிலையில் இருக்கின்றன. அமெரிக்காவில் அவற்றை வைத்திருப்பவர்களுள் பலர், கொட்டகையில் பூட்டிவைப்பதோடு நிறைவடையாமல், விடுமுறை நாட்களில் பொதுச் சாலைகளில் ஓட்டிச் செல்கின்றனர். எஞ்சினைச் செப்பனிடுவதிலும் வண்ணம் பூசுவதிலும் அவர்கள் காட்டும் அக்கறை பின்விளக்குக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் வண்டியில் இருப்போரின் உயிர், பின்னால் வருபவர் அந்த விளக்கை உரிய நேரத்தில் காண்பதைப் பொறுத்திருக்கிறது.

மாடல் டி காரை நெடுநேரம் துன்புறுத்தாமல் ஓட்டக்கூடிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அதே சாலையில் இன்றைய கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் வருமாயின், இரண்டுக்கும் இடையிலான தூரம் நொடிக்கு ஏறத்தாழப் பத்து மீட்டர் வீதம் குறைகிறது. 100 மீட்டர் இடைவெளி பத்தே நொடியில் தீர்ந்துவிடும். அதற்குள் பின்னால் வருபவர் முன்னே ஏதோ இருப்பதைக் கவனித்து, அது கார் என அறிந்து, தாம் எதிர்பார்த்ததைவிட மிக மெதுவாகச் செல்கிறது என்பதை உணர்ந்து, பிரேக்கை மிதித்தாக வேண்டும். இரவில் முன்செல்லும் வண்டியின் தொலைவையும் அதை நெருங்கும் வேகத்தையும் கணிக்க ஓட்டுநருக்கு உதவும் முக்கியமான தடயம், இரண்டு சிவப்பு விளக்குகளுக்கு இடையே தெரியும் அகலமும், அந்த அகலம் விரிந்துகொண்டே போகும் விதமுமே ஆகும். இந்தப் பழைய கார்களின் இடப்பக்கத்தில் ஒற்றையாக மங்கி எரியும் விளக்கு அத்தகைய தடயம் எதையும் தருவதில்லை. தொலைவில் போகும் மோட்டார் சைக்கிள் என்று அதைத் தவறாக எண்ணிவிடவும் வாய்ப்புண்டு.

அந்த ஒற்றை விளக்குக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்கக் கால மாடல் டி கார்களில், கார்பைடு மீது நீர் சொட்டும்போது உண்டாகும் அசெட்டிலின் வாயுவால் முன்விளக்குகள் எரிந்தன. பக்கவிளக்குகளும் பின்விளக்கும் திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்குகள். பின்விளக்கின் பின்முகத்தில் சிவப்புக் கண்ணாடியும், எண் பலகையின் மீது வெளிச்சம் விழுவதற்காகப் பக்கவாட்டில் நிறமற்ற கண்ணாடியும் இருந்தன. 1915 மாடலில் முன்விளக்குகள் மேக்னெட்டோவின் மின்சாரத்துக்கு மாறியபோதும் (எஞ்சினின் ஃப்ளைவீலில் பொருத்திய காந்தங்கள் கம்பிச்சுருள்களைக் கடந்து சுழல்வதால் மின்சாரம் தரும் அமைப்பே மேக்னெட்டோ) பின்விளக்கு மண்ணெண்ணெயிலேயே நீடித்தது. 1919 முதல் மின் ஸ்டார்ட்டரும் 6 வோல்ட் பேட்டரியும் இடம்பெறத் தொடங்கிய பிறகே, அவற்றைப் பெற்ற கார்களில் மின்சாரப் பின்விளக்கு வந்தது. பிரேக்கை மிதித்தால் எரியும் விளக்கோ, மாடல் டி உற்பத்தி முடியும்வரை தொழிற்சாலையிலிருந்து வரவே இல்லை. மாடல் ஏ காரில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே கூட்டில் அமைந்தன. முதலில் உருளை வடிவிலும் பின்னர் தேநீர்க் கோப்பை வடிவிலும் வந்த அந்தக் கூடு பெரும்பாலான கார்களில் இடப்பக்கம் மட்டுமே பொருத்தப்பட்டது. வலப்பக்க விளக்கு வேண்டுவோர் அதைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே வலப்பக்கம் இன்னொரு விளக்கைச் சேர்ப்பதால் பழமைக்கு ஊறு நேர்கிறது என்ற தயக்கத்துக்கு அடிப்படை இல்லை. அக்காலத்து உரிமையாளர்களே காசு கொடுத்துச் செய்துகொண்ட மாற்றம் அது.

பழைய வடிவிலேயே புதிதாக வார்த்த விளக்குக்கூடுகள் இப்போது விற்பனைக்குக் கிடைக்கின்றன. சாலையில் ஓட்டும் காருக்கு அவற்றைப் பயன்படுத்தி, காரோடு வந்த அசல் கூட்டை எடுத்துப் பத்திரப்படுத்துவதே அறிவுடைய செயல். அசல் மண்ணெண்ணெய் விளக்கையே காரில் வைத்திருக்க விரும்புவோர், அதில் துளையிடாமல், திரி அமைந்த பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிறிய எல்.இ.டி. அமைப்பு ஒன்றை எளிதில் எடுத்துவிடக்கூடிய முறையில் செருகலாம். செய்த மாற்றம் எதுவாயினும் பிற்காலத்தில் வருபவர் சுவடின்றி நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நெறி இங்கே கண்டிப்பாகப் பின்பற்றத் தக்கது. கூட்டின் உட்புறம் துருப்பிடித்தோ கறுத்தோ போயிருந்தால் பல்பின் ஒளியில் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். வெண்ணிற எனாமலோ வெள்ளி வண்ணமோ பூசினால் செலவேதுமின்றி வெளிச்சம் கூடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

எனினும் மங்கலான பின்விளக்கைக் கண்டதும் பல்பையோ கூட்டையோ மாற்றிவிடுவது அவசர வைத்தியமாகும், ஏனெனில் குறை பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னால்தான் இருக்கிறது. காரில் ஒவ்வொரு விளக்குக்கும் பேட்டரியிலிருந்து ஒரு வயரே செல்கிறது. மின்சாரம் திரும்பி வரும் பாதையாக வண்டியின் இரும்புச் சட்டமே அமைகிறது. மெக்கானிக்குகள் பாடி எர்த் என்று குறிப்பிடும் இந்தப் பாதை, பின்விளக்கைப் பொறுத்தவரை, விளக்குக்கூடு, அதைத் தாங்கும் பிராக்கெட், மட்கார்டு, அதைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டுகள் என்று பல இணைப்புகளைக் கடந்து செல்கிறது. அந்த ஒவ்வோர் இணைப்பிலும் துருவோ வண்ணப்பூச்சோ குறுக்கிடக்கூடும். புதிதாகச் செப்பனிட்டுப் பளபளக்கும் காரில், துருவேறிய காரைவிடப் பின்விளக்கு மோசமாக எரிவதற்குக் காரணம், எல்லாப் பகுதிகளுக்கும் அடியோடு பூசிய தடித்த வண்ணமே மின்சாரத்துக்குத் தடையாகிவிடுவதுதான். பல்பு ஹோல்டரிலிருந்து சட்டத்துக்கோ, இயலுமாயின் பேட்டரிக்கோ, தனியாக ஓர் எர்த் வயர் இழுத்துவிட்டால் இந்தச் சிக்கல் முழுவதும் அகன்றுவிடும். பின்விளக்குப் பணியில் ஒரே ஒரு காரியம் மட்டும் செய்ய நேரமிருக்குமானால் அந்த வயரைத்தான் போட வேண்டும்.

6 வோல்ட் அமைப்பில் இது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 21 வாட் பிரேக் பல்புகள் இரண்டு எரிய 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் மின்னோட்டம் போதும். 6 வோல்ட்டிலோ 7 ஆம்பியர் தேவை. மின்னோட்டம் இரட்டிப்பதால் அதே வயரில் இழக்கப்படும் வோல்ட்டும் இரட்டிக்கிறது. மொத்தமே 6 வோல்ட்தான் என்பதால், விகிதப்படி பார்த்தால் இழப்பு நான்கு மடங்காகிறது. இழை பல்பின் ஒளி வோல்ட் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும் தன்மையது. வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துபோகும். எனவே 12 வோல்ட் கார்களுக்கென விற்கப்படும் மெல்லிய வயர் இங்கே உதவாது. பருமனான செம்பு வயரையே போட வேண்டும். பழைய தோற்றம் தேவையெனில், உள்ளே பிளாஸ்டிக் காப்பும் வெளியே பருத்தி நூல் பின்னலும் கொண்ட வயர் கிடைக்கிறது. மாடல் ஏ கார் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஃபியூஸ்கூட இல்லாமல் வந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மரச்சட்டமும் துணியும் கொண்ட உடலில் வயர் உரசித் தீப்பற்றும் ஆபத்தைத் தவிர்க்க, பேட்டரிக்கு அருகே ஒரு ஃபியூஸ் வைப்பது கட்டாயத்துக்கு நிகரானது.

பின்விளக்குப் பல்பு இரண்டு இழைகள் கொண்டது. மெல்லிய இழை இரவில் தொடர்ந்து எரிவதற்கும், பெரிய இழை பிரேக்கின்போது எரிவதற்கும் ஆனவை. அமெரிக்க விதிகள் ஒற்றை அறை கொண்ட இன்றைய பின்விளக்குக்கு நேர்பின்னால் குறைந்தது 2 கேண்டலா ஒளிச்செறிவையும், பிரேக் விளக்குக்கு 80 கேண்டலாவையும் கேட்கின்றன. இரண்டும் ஒரே கூட்டில் இருந்தால் பிரேக் ஒளி மற்றதைவிட ஐந்து மடங்கேனும் கூடுதலாக இருக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்க்கும் இந்த விகிதம் பயன்படும், ஏனெனில் இரண்டு ஒளிகளுக்கும் வேறுபாடு தெரியாத விளக்கு, எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும், பிரேக் பிடித்த செய்தியைச் சொல்வதில்லை. இன்றைய டபுள் காண்டாக்ட் பல்பின் இரு ஊசிகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருப்பதால் அதைத் தலைமாற்றிச் செருக முடியாது. பழைய ஹோல்டர்கள் சிலவற்றிலோ ஊசிகள் சம உயரத்துக்குரியவை. பல்பு திரும்பிவிட்டால் பெரிய இழை எப்போதும் எரிந்துகொண்டும், பிரேக் மிதிக்கும்போது சிறிய இழை அதனோடு சேர்ந்து எரிந்தும், பின்னால் வருபவருக்கு ஒரு மாற்றமும் தென்படாமல் போகும்.

இந்தச் சிக்கல்களில் பலவற்றை எல்.இ.டி. ஒரே வீச்சில் தீர்த்துவிடுகிறது. மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால் பழைய டைனமோவுக்குச் சுமை குறைகிறது. வயரில் வோல்ட் இழப்பும் பொருட்படுத்தத் தக்கதாக இராது. இழை சூடேறிய பிறகே ஒளிரும் பழைய பல்பைவிட எல்.இ.டி. ஏறத்தாழ 0.2 நொடி முன்னதாக முழு ஒளி பெறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும் காருக்கு அந்த நேரம் நான்கு மீட்டருக்கும் அதிகமான தூரம். ஆயினும் வாங்கும்போது மூன்று செய்திகளில் கவனம் வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.யே வைக்கப்பட வேண்டும்; வெள்ளை எல்.இ.டி.யின் ஒளி பெரும்பாலும் நீலமும் மஞ்சளும் கலந்து உண்டாவதால், சிவப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிட, எஞ்சுவது வெளிறியும் மங்கியும் தெரியும். (எண் பலகைக்கு ஒளி தரும் நிறமற்ற சாளரத்துக்கு மட்டும் வெள்ளை எல்.இ.டி. தனியே தேவை.) இரண்டாவதாக, எல்.இ.டி. மின்சாரம் ஒரு திசையில் சென்றால் மட்டுமே எரியும். மாடல் ஏ காரில் பேட்டரியின் நேர்முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், எதிர்முனை எர்த்துக்கென்று செய்யப்பட்ட வழக்கமான எல்.இ.டி. பல்பு அதில் எரியாது. மூன்றாவது செய்தி ஒளி செல்லும் திசை பற்றியது: பக்கவாட்டில் மட்டும் ஒளி வீசும் பல்பு ஆழமற்ற பழைய கூட்டில் வீணாகிறது. கூட்டின் வட்ட அளவுக்கு ஏற்ற தட்டையான பலகையில் எல்.இ.டி.கள் அனைத்தும் பின்னோக்கிப் பதிக்கப்பட்ட வகையே சிறந்தது. விளக்கு அணைந்திருக்கும்போது அது கண்ணாடிக்கு வெளியே தெரியாது என்பதால் தோற்றமும் கெடுவதில்லை.

மாடல் டி காரில் பிரேக் விளக்குக்கு சுவிட்ச் வைப்பது தனிக் கலை. அதன் மூன்று பெடல்களில் இடப்பக்கத்தது கியருக்கும், நடுவில் உள்ளது பின்னோக்கிச் செல்வதற்கும், வலப்பக்கத்தது பிரேக்குக்கும் உரியவை. அந்த பிரேக் சக்கரத்தை நேரடியாகப் பிடிக்காமல் கியர் பெட்டிக்குள் ஒரு உருளையை இறுக்குகிறது. ஹைட்ராலிக் எண்ணெய் இல்லாததால் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்சுக்கு இடமில்லை. தரைப்பலகைக்கு அடியில் பெடலின் தண்டோடு ஸ்பிரிங்கால் இணைத்த இழுவை சுவிட்சே பொருந்தும். பெடல் சற்றே அசைந்தவுடன் அது வேலை செய்யுமாறு சரிப்படுத்த வேண்டும். ஆனால் தேர்ந்த ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் த்ராட்டில் கைப்பிடியைத் தணித்தும் இடப்பக்கப் பெடலைத் தாழ்கியருக்கு மிதித்தும்தான். அப்போது பிரேக் சுவிட்ச் அசைவதே இல்லை. அதனால் ஸ்டியரிங் தண்டின் அருகே கையால் அழுத்தும் ஒரு பொத்தானையும் அதே விளக்கோடு இணைத்து வைப்பது மிகவும் விரும்பத்தக்கது. பேட்டரி இல்லாத பழைய மாடல் டி கார்களில் இருக்கைக்கு அடியில் சிறிய மூடிய பேட்டரி ஒன்றை வைத்துப் பின்விளக்கை எரிக்கலாம். அந்த பேட்டரியின் மின்சாரம் எவ்வழியிலும் மேக்னெட்டோவுக்குச் சென்றுவிடக் கூடாது, சென்றால் அதன் காந்தங்கள் ஆற்றல் இழந்து எஞ்சினே நிற்க நேரிடும்.

திரும்பும் திசையைக் காட்டும் இண்டிகேட்டர்களுக்கு, ஸ்டியரிங் தண்டில் கவ்வும் சுவிட்சும் மின்னணு ஃப்ளாஷரும் போதும். வெப்பத்தால் இயங்கும் பழைய ஃப்ளாஷர் எல்.இ.டி.யின் குறைந்த மின்னோட்டத்தில் இயங்காது. கையால் சைகை காட்டுவதைப் புரிந்துகொள்ளும் ஓட்டுநர்கள் அருகிவிட்டதால் இதையும் வீண் செலவாகக் கருதுவதற்கில்லை.

கண் மட்டத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு வைப்பதன் பயனை 1974-இல் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் நடந்த சோதனை தெளிவாகக் காட்டியது. அதன் வழிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு 1986 மாடல் முதல் அமெரிக்காவின் புதிய பயணிகள் கார்கள் அனைத்திலும் அது கட்டாயமாயிற்று. பழைய காரில் அதைப் பின்கண்ணாடிக்கு உட்புறமோ, பின்னால் மாட்டிய உபரிச் சக்கரத்தின் நடுவிலோ, கண்காட்சி நாட்களில் கழற்றிவிடும்படி பொருத்தலாம். இரு மட்கார்டுகளிலும் சிவப்பு ஒளிதிருப்பிகள் ஒட்டுவது இன்னும் எளியது. மின்சாரம் முழுவதும் செயலிழந்தாலும் அவை பின்னால் வருபவரின் முன்விளக்கொளியில் மின்னும். 1960-களில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உழவு வண்டிகளுக்காக உருவான ஆரஞ்சு முக்கோணத்தைச் சிலர் மாட்டிக்கொள்கின்றனர். அது மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் குறைவாகச் செல்பவற்றுக்கு உரிய அடையாளம். 55-இல் ஓடும் காரில் அதை மாட்டினால் பின்னால் வருபவரைக் குழப்பவே செய்யும்.

பணி முடிந்ததும் சோதனையைப் பெரும்பாலோர் மாலையில் கொட்டகைக்குள் செய்து, விளக்கு நன்றாக எரிவதாக நிறைவடைந்துவிடுகின்றனர். இருட்டில் எந்த விளக்கும் பிரகாசமாகவே தெரியும். நண்பகல் வெயில் பழைய கண்ணாடியின் மீது நேராக விழும்படி காரை நிறுத்தி, 50 மீட்டர் பின்னால் ஒருவரை நிற்கவைத்து, முன்னறிவிப்பின்றிப் பெடலை மிதிக்க வேண்டும். பின்விளக்கைப் போட்டுவைத்த நிலையிலும் அணைத்துவைத்த நிலையிலும், எஞ்சின் மிக மெதுவாகச் சுழன்று டைனமோ மின்சாரம் தராத நிலையிலும் அவரால் ஒவ்வொரு முறையும் உடனே சொல்ல முடிந்தால் மட்டுமே கார் சாலைக்குச் செல்லத் தகுந்தது.