வங்காள நாட்காட்டி

வங்காள நாட்காட்டி என்பது வங்காளதேசத்திலும், இந்தியாவின் மேற்கு வங்காளம், திரிபுரா, அசாம் மாநிலங்களில் வாழும் வங்காளிகளிடையேயும் வழங்கும் சூரிய நாட்காட்டி ஆகும். இதன் முதல் மாதம் பொய்சாக்.

விழாக்கள்

பொய்சாக் முதல் நாள் புத்தாண்டாகும். அன்று வணிகர்கள் புதிய கணக்கேட்டைத் தொடங்குவர். இது ஹால்காதா எனப்படும். அக்ராயன் மாதத்தில் புத்தரிசி விழாவான நபான்னோ கொண்டாடப்படுகிறது.

சீர்திருத்தம்

மேற்கு வங்காளத்தில் மரபுவழிப் பஞ்சாங்கக் கணிப்பின்படி புத்தாண்டு ஏப்ரல் 14 அல்லது 15 இல் வரும். வங்காளதேசத்தில், முகம்மது சாகிதுல்லா குழு 1966 இல் பரிந்துரைத்த முறை 1987 இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி புத்தாண்டு ஏப்ரல் 14 ஆகும்.

1952 பெப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காள மொழிக்காகப் போராடியோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாள் பால்குன் 8 ஆகும். ஆனால் சீர்திருத்த முறையில் பெப்ரவரி 21, பால்குன் 9 ஆக அமைந்தது. எனவே 2019 இல் ஆசுவின் மாதத்திற்கு 31 நாட்களும், பால்குனுக்கு 29 நாட்களும் (நெட்டாண்டில் 30) ஒதுக்கப்பட்டன. இதனால் நினைவுநாள் மீண்டும் பால்குன் 8 இல் அமைகிறது.